முதலில் கேட்ட கேள்வி

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேலே பதிவாகியுள்ளன. வயது நாற்பத்தொன்று. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் ஜாவா நிரல் எழுதுகிறேன். என் தம்பியும் அதே குழுவில் இருக்கிறான். அலுவலகத்தில் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் மென்பொருளை இயக்கும் மையப் பகுதியான எஞ்சின், டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நோடு என்று பெயர். தானாக ஓடும் நோடு உண்டு. ஒரு மனிதர் பார்த்துச் சரி சொல்லும்வரை நிற்கும் நோடும் உண்டு. எது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எஞ்சின் அடுத்ததற்குப் போகும்.

சென்ற மாதம், எங்கள் மென்பொருள் ஓடும் ஒரு மருத்துவமனையில், ஒரு மருந்துக்கு ஒவ்வாமை இருந்த நோயாளிக்கு அதே மருந்தை ஏற்றி அவர் இறந்த பிறகு, அங்கிருந்த மருந்தாளர் அம்மாவைக் கைது செய்தார்கள். அவர் சரிபார்க்க வேண்டிய கட்டம் 'முடிந்தது' என்று பதிவாகியிருந்தது. "என் திரைக்கு அது வரவே இல்லைங்க" என்று அவர் அழுதாராம். எங்கள் மேலாளர், "மாட்டினா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. அதன் பிறகு நிரலைத் திறந்து பார்த்தேன்.

அந்த நோடு முதலில் வார்டுக்குத் தானாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பிறகு மருந்தாளருக்காக நிற்க வேண்டும். அதனால் அதைத் தானாக ஓடும் நோடின் வாரிசாக, அதாவது அந்த வகையிலும் சேரும்படி, எழுதியிருந்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் எஞ்சின் 'நீ தானாக ஓடும் வகையா' என்று முதலில் கேட்டது, வாரிசு என்பதால் ஆமாம் என்று பதில் வந்தது, உடனே செய்தியை அனுப்பிவிட்டு முடிந்தது என்று குறித்துக்கொண்டு போய்விட்டது. 'நீ காத்திருக்கும் வகையா' என்ற கேள்வி அதற்கு அடுத்து இருந்தது. அதைக் கேட்க வாய்ப்பே வரவில்லை. கேள்விகளை அந்த வரிசையில் வைத்தவன் என் தம்பி.

அதன் பிறகு அவனைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா சரியாயிடும்ல? யாருக்கும் தெரியாதுக்கா."

"அந்தம்மா உள்ள இருக்காங்கடா" என்றேன்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் பிடிப்பதைப் போல என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். விரல்களைப் பிரித்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

அதன் பிறகு சோதனைக் கணினியில் இரண்டு கேள்விகளையும் இடம் மாற்றி, இறந்தவரின் சீட்டையே மறுபடி ஓட்டினேன். இந்த முறை அது நின்றது. 'மருந்தாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. அதை மூட எனக்குக் கை வரவில்லை. இப்போதும் அப்படியேதான் இருக்கும்.

பதிவு செய்த அதிகாரி, "தம்பின்னு வேண்டாமே, ஊழியர்னு போட்டுக்கலாமா?" என்று பரிவாகக் கேட்டார். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், தம்பி என்றே இருக்கட்டும் என்றேன். படித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

(கையெழுத்து)