தகுதிச் சான்றிதழ்

இல்லீங்க டாக்டரம்மா, நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. கதவ லேசா சாத்திக்கட்டுங்களா? வெளிய பெஞ்சுல ஊதா சேல கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு பாருங்க, அதான் எம்பொண்ணு கண்ணகி. பேங்குல ஆபீசர் வேல வந்திருக்கு. ஒடம்பு நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தா வர்ற திங்கக்கெழம சேந்துக்கலாம்.

அய்யய்யோ, பையில ஒண்ணும் இல்லீங்க. என் சாப்பாட்டுத் தூக்கு அது. லஞ்சம் குடுக்க வந்தேன்னு நெனச்சுடாதீங்க.

நான் சிமெண்ட் பேக்டரி கேண்டீன்ல டீ ஊத்தறவன். பூமாலைன்னு பேரு. எங்கப்பன், அவரு அப்பன் எல்லாரும் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டவங்க. எங்க தெருவுல காலேஜ் படிச்ச மொதப் பொண்ணு இவதான். திருச்சியில ஹாஸ்டல்ல தங்கி பி.காம். எனக்கு மூணாப்பு. அதுல அவ என்ன படிச்சான்னுகூட எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது.

சொல்றேங்க, சொல்றேன். எல்லாத்துக்கும் நான்தான் காரணம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, எண்பத்திரெண்டுல, பேக்டரி ஏன் நட்டத்துல ஓடுதுன்னு பாக்க பம்பாயிலேருந்து நாலு பேரு வந்தாங்க. அதுல ஒரு பொம்பளையும் இருந்துச்சு. பெரிய ஆபீசருங்கள்லாம் சுத்தி உக்காந்திருக்கறப்ப அந்தம்மா கேக்குது, ஒரு லாரி கேட்டுக்குள்ள நொழைஞ்சு சரக்கு ஏத்திக்கிட்டுப் போக எத்தன நாளாவுதுன்னு. ஒருத்தருக்கும் தெரியல. நான் டீ வச்சுக்கிட்டிருந்தேன். அந்தம்மா என்னைப் பாத்து, ஒங்களுக்குத் தெரியுமான்னுச்சு. டிரைவருங்க நம்ம கேண்டீன்லதானே கெடக்கறாங்க. ரெண்டு நாளுன்னேன். எழுதிக்கிச்சு டாக்டரம்மா! நான் சொன்னத எழுதிக்கிச்சு!

வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். வூட்டுக்குப் போயி, லீவுக்கு வந்திருந்த கண்ணகிகிட்ட சொன்னேன். அது என்ன வேலப்பா, கம்பெனிக்கு வைத்தியம் பாக்கற வேலையான்னு கேட்டா. மறுநா அந்தம்மாகிட்டப் பயந்துக்கிட்டே அட்ரஸ் கேட்டு வாங்கியாந்தேன். கன்சல்டன்ட்டுன்னு பேராம். அகமதாபாத்துல அதுக்குன்னு ஒரு பெரிய படிப்பு இருக்காம். அன்னையிலேருந்து அவளுக்கு அதே நெனப்பு.

இப்ப ஒரே மாசத்துல ரெண்டு வேல வந்துருச்சு. ஒண்ணு பேங்கு. இன்னொண்ணு மெட்ராசுல ஒரு லீசிங் கம்பெனி. மிஷினு, லாரியெல்லாம் வாங்கி பேக்டரிங்களுக்கு வாடகைக்கு விடுவாங்களாம். எந்த பேக்டரி நிக்கும், எது படுக்கும்னு கணக்கப் பாத்து, நேர்ல போயிப் பாத்துச் சொல்றது இவ வேல. சம்பளம் கம்மி. ஒரு வருஷம் கழிச்சுதான் நெலையா வச்சுப்பாங்களாம், அதுவும் புடிச்சிருந்தா.

ரெண்டுல எதுக்குப் போறதுன்னு அந்த பம்பாய் அம்மாவுக்கே கண்ணகி எழுதிக் கேட்டா. மூணு பக்கத்துக்குப் பதில் வந்துச்சு. கண்ணகி தமிழ்ல சொல்லிக்கிட்டே படிச்சா. அந்த அகமதாபாத் படிப்புக்குக் கூப்பிட்டுப் பேசறப்ப, நீ என்னத்தக் கண்ணால பாத்த, எதை நீயே முடிவு பண்ணினன்னு கேப்பாங்களாம். மெட்ராசு வேலையில ஒரு வருஷத்துல இருவது பேக்டரி பாத்துடலாமாம். ஆனா பேங்குலேருந்தும் ஆளுங்க அங்க படிக்கப் போறாங்க, ஒன் சம்பளத்துலதான் வூடு நிக்குதுன்னா பேங்குக்கே போன்னும் எழுதியிருந்துச்சு. நல்ல மனுஷி. மறைக்காம எழுதியிருக்கு.

அத அவ படிச்சு முடிக்கறதுக்குள்ள, மெட்ராசுல நமக்கு யாரும்மா இருக்கான்னு கேட்டுட்டேங்க. நான் பயந்தாங்கொள்ளி. மெட்ராச நான் பாத்ததே இல்ல. போன வருஷம் திருச்சியில ஒரு பைனான்ஸ் கம்பெனிக்காரன் பூட்டிட்டு ஓடிட்டான். எங்க கேண்டீன்ல காய் நறுக்கற செல்லக்கண்ணோட மச்சான் அங்க வேல பாத்தவன். இன்னிக்கும் வேலையில்லாம சுத்தறான். எம்புள்ள எந்த ரூம்ல தங்குவா, எவன் வூட்டுல சோறு திம்பா, கம்பெனிய மூடிட்டா யாரு முன்னாடி போயி நிப்பா?

அதுக்கு மேல எங்கண்ணன் அய்யம்பெருமாள். திருமழபாடியில இருக்காரு. ஒரு காலத்துல மாட்டுக்கடன் கேட்டு பேங்குக்குப் போனவர, சாயங்காலம் வரைக்கும் வாசப்படிக்கு வெளிய நிக்க வச்சுட்டாங்க. உள்ள வராதன்னு வாயால சொல்லல. யாரும் கூப்பிடல, அவ்வளவுதான். கண்ணகிக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு அந்த மனுஷன் அழுதாரு. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்கிட்டிருக்காரு. தெரு பூரா மிட்டாய் குடுத்தாரு. எம்புள்ள மேனேஜர் நாற்காலியில உக்காரும், நான் எதிர்ல போயி உக்காருவேன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்றாரு. அது தப்புன்னு எப்படிங்க சொல்றது?

அது புரியுது டாக்டரம்மா. பேங்கு நல்ல வேலதான். நான் இல்லேங்கல.

போன ஞாயித்துக்கெழம சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப, தலைய நிமுத்தாம, நான் பேங்குக்கே போறேம்ப்பான்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு உசிரு வந்தாப்புல இருந்துச்சு. கை கழுவப் போறேன், அடுப்பங்கர அலமாரியில, பழைய பேப்பர விரிக்கறாப்புல, அந்தம்மா எழுதின மூணு பக்கக் கடுதாசிய விரிச்சு, மேல பருப்பு டப்பாவ வச்சிருக்கா. ரெண்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வச்ச நெனப்பு டாக்டரம்மா. நான் பயந்ததப் பாத்துட்டா. அதுக்காகத்தான் வேணாம்னுட்டா.

அதான் வந்தேன். நல்லாருக்குன்னு எழுதச் சொல்லி வரலீங்க. ஆகாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க.

ஆமாங்க. பேங்கு வேலைக்கு ஆகாதுன்னு. காசம், நெஞ்சுக்கோளாறுன்னு பெரிசா எழுதிடாதீங்க, நாளைக்குக் கட்டிக் குடுக்கணும். எட பத்தலைன்னு எழுதுங்க. பாத்தாலே தெரியுது, ஒல்லியாத்தான் இருக்கா. நீங்க எழுதிட்டா அண்ணன் யாரையும் கோவிச்சுக்க முடியாது. அவளும் வேற வழியில்லன்னு மெட்ராசுக்குப் போயிடுவா. எனக்கு அம்பது வயசாவுது, எங்கண்ணன் எதிர்ல நின்னு ஒரு வார்த்த பேசினதில்ல. கண்ணகிகிட்ட நேராச் சொன்னா, நீ எனக்காகச் சொல்றப்பான்னு மாட்டேன்னுடுவா.

நீங்க படிக்கக் கெளம்பறப்ப ஒங்கப்பா பயந்தாருங்களா? ...அப்படிங்களா. அவரே டாக்டரா இருந்துமா பயந்தாரு?

பொய் எழுத மாட்டீங்க. சரிங்க. கேட்டது தப்புத்தான். மனசுல வச்சுக்காதீங்க.

கண்ணகிய உள்ள கூப்பிடறீங்களா? இப்பவேவா? இல்லீங்க, கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுட்டு... சரிங்க. நீங்க பக்கத்துல இருங்க, போயிடாதீங்க.

வாம்மா. ஒண்ணுமில்ல, பயப்படாத. ஒடம்பு நல்லாருக்காம். டாக்டரம்மா கையெழுத்துப் போடறாங்க. இல்லம்மா, எனக்கும் ஒண்ணும் இல்ல, வேக்காடு, அதான் வேர்க்குது.

கண்ணகி, நீ ரத்தம் குடுக்க உள்ள போனீல்ல, அப்ப நான் போஸ்ட் ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். அங்க இருந்தவர எழுதச் சொல்லி மெட்ராசு கம்பெனிக்குத் தந்தி அடிச்சிட்டேன், நீ திங்கக்கெழம வந்துடுவன்னு.

பெரியப்பாகிட்டயா? நான்தாம்மா சொல்லணும். சாயங்கால பஸ்ஸுக்கே திருமழபாடி போறேன்.