பூஜைக்கு அணைத்த ரவுட்டர்

ஜெயவேலு: சந்தனம் உள்ள எறங்கியிருக்குமா மேடம்?

ஜெயசீலி: பொட்டு வெச்சா ரவுட்டர் சாகாதுண்ணா. எலக்ட்ரீஷியன் நீங்களே பயந்தா எப்படி? அந்த கன்சோல் கேபிளைக் குடுங்க, கம்ப்யூட்டர்ல சொருகிப் பாப்போம்.

ஜெயவேலு: இந்தாங்க. லைட்டெல்லாம் எரியுது, அப்புறம் இன்னா கேடு இதுக்கு? குரோம்பேட்டை ஹெட் ஆபீசுக்கு லைன்ல ஒரு பில்லும் போவல. ஃப்ளாப்பியைத் தூக்கிகினு பஸ்சுல ஓடறானுங்க.

ஜெயசீலி: இருங்க, எழுத்து வருது... அட, பாதியில நிக்குது! தானா எழுந்துக்கணும் இது.

ஜெயவேலு: ஆயுத பூஜைக்கு அணைச்சதுல பேஜாராயிடுச்சா?

ஜெயசீலி: யார் அணைச்சாங்கன்னு இப்ப பேச வேணாம்.

ஜெயவேலு: வேணாம், வேணாம். பேசவே வேணாம்.

ஜெயசீலி: ஏன் பதறறீங்க?

ஜெயவேலு: நானா? இல்லியே... அணைச்ச ஆள் பேரை மதியத்துக்குள்ள ஹெட் ஆபீஸ்ல கேட்டுகீறாங்களாம். பேர் போனா வேலை காலி. நீங்க வேற இன்னும் பர்மனன்ட் ஆவல...

ஜெயசீலி: உங்க பொண்ணுங்க ரெண்டும் படிக்குது, அதை நினைங்க... ஆங், பிடிச்சிட்டேன்!

ஜெயவேலு: இன்னாது?

ஜெயசீலி: இந்த செட்டிங்ல கடைசி எண் சைபர். சைபர்னா, ஆள் வந்து எழுப்பினாத்தான் எழுந்துக்கும். ரெண்டுன்னு இருக்கணும். முன்ன ரிப்பேருக்கு வந்த ஆள் மாத்திட்டு அப்படியே போயிட்டார்.

ஜெயவேலு: இத்தினி நாள் ஓடிச்சே?

ஜெயசீலி: யூபிஎஸ் இருக்கே, ஒருநாளும் அணையல. பில் குவியற மாசக் கடைசியில மாட்டியிருந்தா நாறிப்போயிருக்கும். மாத்திட்டேன். அணைச்சுப் போடுங்க... எழுந்துக்குது... லிங்க் வந்துடுச்சு! ஸ்தோத்திரம் ஆண்டவரே!

ஜெயவேலு: எங்க அம்மனுக்கும் ஒண்ணு சேத்துச் சொல்லுங்க! பூஜை போட்டதாலதானே குட்டு வெளிய வந்துச்சு... மேடம், ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது.

ஜெயசீலி: சொல்லுங்க.

ஜெயவேலு: அணைச்சது நான்தான்னு காலைலயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உங்க பேர் போவாது.

ஜெயசீலி: என் பேரா? அய்யோ, நான் தொடவே இல்லண்ணா! நீங்கதான்னு நினைச்சு, நான் அணைச்சேன்னு நானும் போய்ச் சொல்லிட்டு வந்தேனே!

ஜெயவேலு: நானும் தொடலியே! அப்ப யாரு... வாங்க மேனேஜர் சார். ரவுட்டர் எழுந்துகிச்சு சார்.

மேனேஜர் பக்தவச்சலம்: கேட்டுக்கிட்டுதான்பா நின்னேன். காலையில ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ‘நான்தான்’னீங்களே, ரெண்டு பேர் பேரையும் நான் அனுப்பல. ரொம்ப நன்றிம்மா. நன்றி ஜெயவேலு. ஹெட் ஆபீசுக்கு என் பேரைச் சொல்லிட்டுத்தான் வர்றேன்... பொட்டு வெக்கறதுக்காக அதை அணைச்சவன் நான்.