ரெக்ஸின் தொண்டைக்கு ஒரு கூடை மாம்பழம்

—சிரிக்காதீங்க சார். மெய்யாலுமே தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன்.

—நான் எங்கக்கா சிரிச்சேன்? திங்கக்கிழமைல இருந்து கேண்டீன்ல, பஸ்ல, எல்லாரும் என்னைப் பாத்துதான் சிரிக்குதாங்க. இப்ப மாம்பழக் கூடையோட ஆளு அனுப்பிக் கிண்டல் பண்ணுதாங்கன்னு நெனைச்சேன் பாத்துக்கிடுங்க.

—அய்ய, கிண்டலுக்கு யாராவது செந்தூரா குடுப்பாங்களா சார்? மேல இருக்கறது எங்கூட வேலை செய்யற சம்பங்கி வூட்டு மரத்துது. அடியில மல்கோவா, அது இருளாயி கொண்டாந்தது. நானு பூங்கொடி. மத்தூர்லருந்து வரேன், கீழ பேட்டரி லைன்ல இருக்கறேன். கூடையை அந்த ஓரமா வைங்க சார், ஏசி காத்து நேரா பட்டா பழம் வாடிப் போயிடும்.

—எதுக்குக்கா இதெல்லாம்? நான் ஒண்ணும் செய்யலியே.

—டிராலிக்கு வாய் குடுத்தீங்களே.

—அது தப்பு நடந்து போச்சுக்கா.

—எது சார் தப்பு? உங்க பேச்சே ஒரு தினுசா இருக்குது. எந்த ஊரு?

—நாகர்கோவில் பக்கம். எப்பிடிச் சொல்ல... வீடு கட்டுறவரு முதல்ல பேப்பர்ல பென்சிலால கோடு போட்டுப் பாப்பாருல்லா? சத்தம் செய்யுற எங்களுக்கு அந்தப் பென்சில் வாய்தான். ஆளில்லாம ஓடுற டிராலிக்கு ஒரு புதுச் சத்தம் வேணும்னாங்க. ஆளு தூரத்துல நின்னா ஒரு மாதிரி, கிட்ட வர வர வேற மாதிரி, ஆளு விலகினதும் இன்னொரு மாதிரி. கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சா நாள் கணக்கா இழுக்கும். வாயால செஞ்சா அது சரிவருமா வராதான்னு உடனே தெரிஞ்சுரும். அதான் ரூம்ல கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டு போன்ல பதிஞ்சேன். 'ம்ம்ம்...'னு மெதுவா, பொறவு 'ம்ம்ம்ஹூம்'னு...

—'ம்ம்ம்ஹூம்'ன்னு ஏறும். நாம நகந்துட்டா 'ஹாஆ'ன்னு எறங்கும். எங்களுக்குத் தெரியாதா அது!

—அதேதான். அதுவும் அன்னைக்கு எனக்கு நல்ல சளி. தொண்டை கட்டி, பானைக்குள்ள தலையை விட்டுப் பேசின மாதிரி கெடக்கும். டிராலி சரியான நேரத்துல சத்தத்தை மாத்துதான்னு பாக்க அதை ஏத்தினேன். பாத்து முடிச்சதும் எடுத்துட்டு, பழைய பீப்பைத் திரும்ப வெச்சிருக்கணும். வெள்ளிக்கிழமை, கம்பெனி பஸ் கிளம்பப் போவுதுன்னு அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டேன். திங்கக்கிழமை வந்து பாத்தா எல்லா டிராலியும் எனக்க சத்தத்துல முனகிக்கிட்டுச் சுத்துது.

—கன்னடக்காரப் பசங்க 'ரெக்ஸண்ணா பந்த்ரு, ரெக்ஸண்ணா பந்த்ரு'ன்னு, ரெக்ஸண்ணன் வந்துட்டாருன்னு, கத்திகினே வண்டிக்கு வழி வுடறாங்க சார்.

—கேட்டேன். சவத்துப் பயலுவ, எங்க மேனேஜர் சுகுணா மேடம் முன்னாலயே கத்துனானுவ.

—இருளாயி அதுகிட்ட பேசவே செய்யறா. அது பின்னாடி வந்து 'ம்ம்ம்'ன்னா, இவ திரும்பக்கூட மாட்டா, 'இரு மாமா, நகர்றேன்'ங்கறா. லைனே குலுங்கிப் போச்சு.

—மாமாவா! நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்தான்க்கா அந்த மாமா. மூணு மணிக்கு எடுத்துருவோம். டிராலியை எல்லாம் நிறுத்தினாத்தான் மாத்த முடியும், இன்னைக்குத்தான் நிறுத்த விட்டாங்க. நாளைக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து பெரிய ஆளுங்க வாராங்க. அவங்க காதுல எனக்க முனகல் விழுந்துச்சுன்னா என்னைக் காப்பாத்த முடியாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. எனக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகல பாத்துக்கிடுங்க.

—என்னா சார் இப்பிடிச் சொல்றீங்க? எடுக்காதீங்க சார்.

—நீங்க ஏன்க்கா இப்பிடிப் பதறுதீங்க?

—பதறாம? இந்த வண்டி முன்னாடியெல்லாம் ஊமையா வரும் சார். பூனை மாதிரி. நான் குனிஞ்சு ஸ்குரூ முடுக்கிகினு இருப்பேன், நிமிந்து திரும்பினா இடுப்புகிட்ட நிக்கும். உசுரே போயிடும். போன மாசம் வளைவுல திரும்பறப்ப அதோட பின்பக்கம் என் குதிகாலை இடிச்சிருச்சு. ஷூ போட்டிருந்தேன், தப்பிச்சேன்.

—ஊமையா எப்பிடிக்கா வரும்? பீப் அடிச்சிருக்குமே.

—சூப்பர்வைசரும் அதைத்தான் சொன்னாரு. 'அது கத்திகினு வருது, நீ நின்னுகினே தூங்கறியா'ன்னு, எல்லார் எதிர்லயும். இன்னொருவாட்டி இப்பிடி ஆனா லைன்ல வெச்சுக்க மாட்டேன்னுட்டாரு. நான் கான்ட்ராக்ட் சார். வான்னா வரணும், போன்னா போவணும். அவரைச் சொல்லியும் குத்தமில்ல. எனக்குக் கவனமே இல்ல. வூட்லயும் அதே கதைதான். குக்கர் பக்கத்துலயே நிப்பேன், விசிலை வுட்டுடுவேன். பருப்பு தீஞ்சு நாத்தம் வந்தாத்தான் தெரியும். எங்க வூட்டுக்காரரு 'உன் புத்தி எங்க மேயுது'ம்பாரு.

—சரி, இப்ப?

—உங்க சத்தம் வந்ததுலருந்து ஒருவாட்டி கூட அது என்கிட்ட வந்து முட்டிகினு நிக்கல. யாரோ ஒரு ஆளு பின்னாடி தொண்டையைச் செருமிகினு வர்றாப்பல இருக்குது, கால் தானா நகந்துடுது. சம்பங்கி இல்ல, அவ முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துகினே வேலை செய்வா, கழுத்து வலிக்குதும்பா. இப்ப திரும்பறதே இல்ல. என்னைத் திட்டின சூப்பர்வைசரே நேத்து 'பரவால்ல பூங்கொடி, முழிச்சுகினயே'ன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு சார். சந்தோசத்துல. அதான் மேல வந்தேன்.

—அக்கா, எனக்க வேலையைப் பத்தி யாரும் இப்பிடிச் சொன்னதில்ல. எனக்க அம்மையே 'இம்புட்டு படிச்சது மாடு மாதிரி கத்தவாடா'ன்னு கேப்பா. உங்க வாயால இதைக் கேட்டதே போதும். ஆனா அது பென்சில் கோடுதான்க்கா. ஒழுங்கான சத்தம் செஞ்சு வெச்சாச்சு. பழைய பீப்பை விட எவ்வளவோ நல்லா இருக்கும். கேட்டுப் பாருங்க, உங்களுக்கே புடிச்சுரும்.

—போடுங்க சார். நல்லா இருந்தா நானே போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

—ஸ்பீக்கரை உங்க பக்கம் திருப்பி வெக்குதேன். ம், இதான். கிட்ட வர வர வேகமாகும் பாருங்க.

—சரி சார்.

—எப்பிடி இருக்கு?

—எது சார்?

—இந்தச் சத்தம்தான்.

—நீங்க இன்னும் போடலியே.

—அக்கா... ஓடிக்கிட்டு இருக்கு.

—எங்க சார்?

—இப்ப. முழுச் சத்தத்துல. பக்கத்து ரூம்ல இருந்து சுவரைத் தட்டுதாங்க, நிறுத்தச் சொல்லி.

—சுவரைத் தட்டறது கேக்குது சார்.

—நிறுத்திட்டேன். உக்காருங்க. முதல்ல அந்தத் தண்ணியைக் குடிங்க. இப்ப இதைக் கேளுங்க.

—இது நீங்க. 'ம்ம்ம்ஹூம்'. நல்லா கேக்குது.

—இது?

—ஒண்ணும் இல்ல.

—அது பழைய பீப்புக்கா. கீச்சுன்னு மேல போற சத்தம் எதுவும் உங்களுக்கு விழல. அன்னைக்குச் சளி புடிச்சு எனக்க தொண்டை கீழ எறங்கிக் கெடந்துச்சு பாருங்க, அது விழுந்திருக்கு. இந்த லைனுக்கு முன்னால எங்க இருந்திய?

—பிரஸ் ஷாப்ல சார். தகடு அடிக்கற எடம், நாள் பூரா இடி வுழற மாதிரி சத்தம். அதை மூடற வரைக்கும் அங்கதான். காதுல வெச்சுக்க ரப்பர் குடுத்தாங்க, வேர்வையில நிக்காது, நழுவி வுழுந்துடும். சார்... காது போச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க சார்.

—உங்க பேரு எனக்க வாயில இருந்து வராது. சத்தியமா வராது. கிருஷ்ணகிரியில ஒரு காது டாக்டர்கிட்ட காட்டுவோம், நானும் கூட வாரேன்.

—அப்ப... நான் தூங்கல இல்ல சார்?

—இல்லக்கா. நீங்க தூங்கவே இல்ல.

—எங்க வூட்டுக்காரருகிட்ட இன்னைக்கே சொல்லணும், என் புத்தி எங்கயும் மேயலன்னு. ரொம்ப தேங்க்ஸ் சார். இத்தினி நாளா என்னை நானே திட்டிகினு இருந்தேன்.

—தேங்க்ஸ் நான்தான்க்கா சொல்லணும். நீங்க மட்டும் இன்னைக்குப் படியேறி வரலன்னா, நல்லது செய்யுதேன்னு நெனைச்சுக்கிட்டே உங்க காலை மறுபடி அந்த வண்டிக்கு முன்னால கொண்டு விட்டிருப்பேன். இருங்க, ஒரு போன் பண்ணிக்கிடுதேன். ஹலோ, சுகுணா மேடம், ரெக்ஸ் பேசுதேன். மூணு மணிக்கு மாத்த வேண்டாம் மேடம். ஆமா, எனக்க முனகலே கெடக்கட்டும். தெரியும் மேடம், நாளைக்கு வாராங்க. வரட்டும், அவங்ககிட்ட நானே சொல்லிக்கிடுதேன். இல்ல மேடம், விளையாடல. பீப் காதுல விழாத ஆளு கீழ வேலை செய்யுது. பேரைக் கேக்காதீங்க. ஆமா, ஒரு ஆளுதான். ஒரு ஆளுன்னா கால் இல்லியா மேடம்? சரி, வாரேன்.

—ஒரு ஆளுக்காகவான்னு கேட்டாங்களா சார்?

—கேட்டாங்க. நீங்க அதை மனசுல போட்டுக்கிடாதீங்க, நான் பாத்துக்கிடுதேன். ஆமா, இவ்வளவு பழத்தை நான் ஒத்தையில எப்பிடித் திங்க? லைன்ல மொத்தப் பேரும் சேந்து குடுத்துவிட்டாங்களா?

—மத்தவங்கதான் சிரிக்கறாங்களே சார். ஆளுக்கு ரெண்டு பழம் கொண்டாந்து போட்டது பூராவும் எங்க பழைய பிரஸ் ஷாப் பொம்பளைங்க.