லக்ஷனின் ஒரு நிமிடம்

சத்தம் வரவில்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்பீக்கரின் சுவிச்சைப் போட்டிருக்க மாட்டார்கள். மீதிப்பேரில் பாதி, வயரைப் பிழையான துளையில் குத்தியிருப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக நாவற்குடாவில் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், மனிதர்கள் இப்படித்தான். திரை நீலமாகி நின்றால் வைரஸ். பிரிண்டர் அசையாவிட்டால் வைரஸ். எலி கடித்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டே "வைரஸா இருக்குமோ?" என்று கேட்ட பாடசாலை அதிபர் ஒருவரும் இருக்கிறார். நான் பதில் சொல்வதில்லை. பேசாமலிருப்பவனை இந்த ஊர் கெட்டிக்காரன் என்று எடுத்துக்கொள்ளும். அது எனக்கு வசதியாக இருந்தது.

கனகசிங்கம் ஐயா, நீங்கள் மத்தியஸ்த சபையின் தலைவர். சனிக்கிழமைகளில் இந்த வகுப்பறையில் இருந்து வேலிச் சண்டையையும் மாட்டுச் சண்டையையும் தீர்த்து வைக்கிறீர்கள். என் விஷயம் உங்களுக்குப் புதிது என்று முகத்தில் தெரிகிறது. அன்னப்பூரணி அம்மா உங்களிடம் கேட்டது ஒன்றுதான். அவருடைய மகன் லக்ஷனின் குரலை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்டம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், பொலிஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். குரல் மட்டும். அவர் வெளியே வாங்கில் இருக்கிறார். நான் சொல்லி முடிக்கும்வரை அவரை உள்ளே கூப்பிடாமல் இருந்தால் நல்லது. நடுவில் அழுகைச் சத்தம் வந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது.

விண்டோஸுக்குத் தன் உடம்பில் உள்ள உறுப்புகளைத் தானாக ஆளத் தெரியாது. சத்தத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் அதை இயக்கிவைக்கும் சின்ன மென்பொருள் வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். அது இல்லாவிட்டால் உறுப்பு நன்றாக இருந்தும் செத்ததுபோலக் கிடக்கும். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் தாங்கள் பாவித்து முடித்த கணினிகளைக் கொள்கலன் கொள்கலனாகக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை, டிரைவர் சீடியும் ஒன்றுக்கும் இல்லை. வாகரையிலிருந்து களுவாஞ்சிக்குடிவரை அந்த டிரைவர்களைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தவன் நான் ஒருவன். மற்றக் கடைக்காரர்களுக்குத் தெரிந்தது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து ஃபோர்மற் அடிப்பது மட்டும். தலையிடிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம்.

லக்ஷனுக்கும் அப்படி வந்த கணினி ஒன்று கிடைத்திருந்தது. வெல்லாவெளியில் ஒரு நிவாரண அமைப்பு தன் நிலையத்தை மூடிவிட்டுப் போனபோது அவனுக்குக் கொடுத்தார்கள். பிறகு இரண்டாயிரத்தேழில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஷெல் விழத் தொடங்கியது. சனமெல்லாம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடிவந்தது. மற்றவர்கள் அரிசி மூட்டையைத் தூக்க, இந்தத் தாயும் மகனும் கணினியைப் பெட்சீற்றில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த பிறகு, வயல் வட்டையில் விட்டுவந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் திரும்பிப் போனான். அவன் வரவில்லை. மாடுகள் வந்தன. இதைக் கேட்டு எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அது முட்டாள்தனமாகத்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

சனம் ஊர் திரும்பிய பிறகு அந்த அம்மா கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்தார். ஊரில் யாரோ ஒரு கெட்டிக்காரன் பழைய விண்டோஸின் மேலேயே இன்னொரு விண்டோஸைப் போட்டிருந்தான். கோப்புகள் தப்பியிருந்தன, சத்தம் போயிருந்தது.

"இதுக்குள்ள எங்கட மகன்ட குரல் கிடக்கு தம்பி," என்றார். "மைக் பூட்டிப் பாக்கக்குள்ள பேசினவன். பேர் தெரியுது, அமத்தினா ஓடுது. சத்தம்தான் வருகுதில்ல. வேற ஒண்டும் மிஞ்சல்ல எனக்கு. ஊடும் எரிஞ்சி போயித்து."

விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். டிரைவரைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா, அந்தக் கோப்பைத் திறந்தேன்.

விண்டோஸோடு வரும் ஒலிப்பதிவு மென்பொருள் ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "ஹலோ, ஹலோ. கேக்குதா?" என்று தொடங்குகிறான். பிறகு மைக்கைத் தட்டுகிற சத்தம். "அம்மா, இஞ்ச வாங்களன். ஒண்டு பேசுங்க." தூரத்தில் அந்த அம்மாவின் குரல்: "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும், உடு மனே." அவன் சிரிக்கிறான். "வெக்கப்படுறா" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்கிறான். ஒரு மாடு கத்துகிறது, அதற்கும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் பாதியில் நிமிடம் முடிந்துவிடுகிறது.

சத்தம் சரியாக இருந்தது. உறுதி செய்வதற்காக மறுபடி போட்டேன். பிறகும் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து போட்டேன்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாவுக்குக் கணினியை ஒழுங்காக நிற்பாட்டத் தெரியாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவார். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் கண்ட கண்ட சீடியையும் போடுவார்கள். ஆறு மாதத்தில் இன்னொரு கெட்டிக்காரன் ஃபோர்மற் அடிப்பான், எல்லாம் போகும். அவர் அதைக் கேட்டு என்ன செய்யப்போகிறார்? அழுவார். அழுகிறவருக்கு எதுவும் காதில் விழாது. அந்தச் சிரிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே மூச்செடுக்கிறான் என்று அவர் கவனித்திருப்பாரா? பெறுமதியான ஒன்றைப் பாதுகாக்கத் தெரிந்தவன் வைத்திருப்பதுதான் நியாயம். ஆகவே என் கணினிக்கு ஒரு பிரதி எடுத்தேன். அவருடையதிலிருந்து அழித்தேன். அடுத்த கிழமை அவர் வந்தபோது, வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கொஞ்ச நேரம் கணினியைத் தடவிக்கொண்டு நின்றார். "நீங்க பாடுபட்டுத்தான் பாத்திருப்பீங்க தம்பி," என்றார். அதற்குப் பிறகும் இடைக்கிடை வந்தார். கொழும்பில் மீட்டெடுக்கலாமாமே, புது மென்பொருள் வந்திருக்காமே என்று யாராவது ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். வரும்போது ஒரு முட்டித் தயிர் கொண்டுவருவார். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்புவேன். ஒருவர் தன்னை ஏமாற்றுகிறவனுக்கே தயிர் சுமந்து வருவதைப் பார்த்தால் உங்களுக்கு இரக்கம் வரும் போலிருக்கிறது. எனக்கு அது வரவில்லை. நல்ல எருமைத் தயிர். சாப்பிட்டேன்.

உங்கள் பக்கத்தில் இருக்கிற ஐயா சற்று முன்பு, உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா என்று கேட்டார். இருந்தது. வீடு நாவற்குடாவில் கடல் பக்கம் இருந்தது. அந்த மார்கழி மாத ஞாயிறு காலையில் நான் ஏறாவூரில் ஒரு கடையில் பிரிண்டர் டிரைவர் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் கடல், கடல் என்று ஏதோ சத்தம் போட்டார்கள், வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன். மனைவியைக் கண்டெடுத்தார்கள். மகனைக் காணவில்லை. எட்டு வயது. படங்களும் வீட்டோடு போயின. நான் யாரிடமும் போய் எதையும் திருப்பித் தா என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். அவனுடைய குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. இதைக் கவலையாகச் சொல்லவில்லை. நினைவில்லை என்றால் நினைவில்லை.

நான் எல்லை மீறியது எங்கே என்றால், சோதனை பார்ப்பதில்தான். சத்த டிரைவர் போட்ட பிறகு ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்க வேண்டும். மற்றவர்கள் சினிமாப் பாட்டைப் போடுவார்கள். நான் இதைப் போட்டேன். முதல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தேன். மற்றப் பகுதி என் சொந்தக் கணினியில் இருந்தது, அதை வேறு யாரும் கேட்கவில்லை. பிறகு, விண்டோஸ் திறக்கும்போது வருகிற மணிச் சத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். நான் திருத்திய கணினிகள் எல்லாம் காலையில் திறந்தவுடன் "ஹலோ, ஹலோ. கேக்குதா?" என்று கேட்டன. தன்னாமுனையில் கேட்டன, ஓட்டமாவடியில் கேட்டன. சனத்துக்கு வேடிக்கையாக இருந்தது. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் சாலிஹ் என்னைக் கண்டதும், "என்ன இஞ்சினியர், உங்கட பொடியன் விடிஞ்சதும் கடன் கேட்டு வாறவன் மாதிரி கேக்குதா கேக்குதாண்டு கேக்கான். ஆர் அது, மகனா?" என்றார்.

ஓம் என்றேன்.

அது சுலபமான பதில். வேறு பதில் சொல்லியிருந்தால் பேச்சு நீண்டிருக்கும். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஓம் என்றேன். என்ன வயது என்று சிலர் கேட்டார்கள். அதற்கும் ஒரு வயது சொன்னேன்.

இந்த வருடம் சண்டை முடிந்தது என்று அறிவித்த பிறகு, காணாமல் போனவர்களின் தாய்மார் எல்லோருக்கும் புதிதாக ஓர் ஆசை. முகாம்களில் இருப்பார்கள், தடுப்புக்காவலில் இருப்பார்கள் என்று மனு மனுவாக எழுதத் தொடங்கினார்கள். வெல்லாவெளியில் தக்ஷாயினி என்ற பிள்ளை தட்டச்சுக் கடை வைத்திருக்கிறது. அதன் கணினி நான் திருத்தியது. அன்னப்பூரணி அம்மா அங்கே மனு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் தக்ஷாயினி கணினியைப் போட்டிருக்கிறது.

கணினி "ஹலோ, ஹலோ. கேக்குதா?" என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லையாம், திடுக்கிடவும் இல்லையாம். பக்கத்து அறையிலிருந்து மகன் கேட்டதற்குச் சொல்வதுபோல, "கேக்குது மனே," என்றாராம்.

தக்ஷாயினி எனக்குப் போன் எடுத்து, "அண்ணன், இந்தச் சத்தம் உங்களுக்கு எங்கால வந்த?" என்று கேட்டது. இணையத்தில் எடுத்தது என்றேன். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தது. நானும் வைத்துக்கொண்டிருந்தேன். மௌனமாக இருப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. அதுதான் முதலில் போனை வைத்தது.

மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். இந்தமுறை தயிர் இல்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"ஒருக்காப் போடுங்க தம்பி," என்றார். "முழுக்கப் போடுங்க. கேட்டுத்து நான் போறன்."

நான் கையில் இருந்த மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முக்காலியில் இருந்தார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமானதும் எழும்பி, "அதுல என்ட குரலும் கிடக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான். அதுவரையில் நான் அதை ஒரு குறையாக மட்டும் நினைத்திருந்தேன். மைக்குக்குத் தூரத்தில் வருகிற, தேவையில்லாத இரைச்சல்.

அவர் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குரல் கையில் கிடைத்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். கைத்தொலைபேசிகளில் ஏற்றுவார்கள். திவசத்துக்குக் கோயில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். சொந்தக்காரர் எல்லாம் சுற்றியிருந்து ஒப்பாரி வைப்பார்கள். கேட்டுக் கேட்டே அது தேய்ந்துவிடும். கோப்பு தேயாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தேயும்.

சபை என்னைக் கூப்பிட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன், நான் திருத்திய கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். பராமரிப்பு என்று சொன்னேன். பழைய மணிச் சத்தத்தைத் திரும்ப வைத்தேன். சாலிஹ் மட்டும், "ஏன், மகனோட கோவமா?" என்று கேட்டார். கடைசியாக என் கணினி. அழிப்பது என்றால் என்ன என்றும் இந்த ஊருக்குத் தெரியாது. குப்பைத்தொட்டிப் படத்துக்குள் தள்ளிவிட்டால் அழிந்தது என்று நினைக்கிறார்கள். அது இருந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுத வேண்டும், திரும்பத் திரும்ப எழுத வேண்டும். எழுதினேன். இன்று காலை இங்கே வருவதற்கு முன் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி வாவியிலும் போட்டேன். நீங்கள் கொழும்புக்கு அனுப்பலாமா என்று யோசிப்பது தெரிகிறது. அனுப்ப ஒன்றுமில்லை. அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே, என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இப்போது இல்லை. இல்லாததை ஒருவன் திருடி வைத்திருக்க முடியாது. நீங்கள் எல்லோரும் என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் இரக்கமில்லாதவன் அல்ல. ஒரு வழி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

அந்த நிமிடம் எனக்கு மனப்பாடம். எங்கே இழுத்தான், எங்கே சிரிப்பை அடக்கப் பார்த்தான், மாடு கத்துவதற்கு முன் எவ்வளவு இடைவெளி, எல்லாம் தெரியும். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கடைக்கு வரட்டும், நான் சொல்லிக் காட்டுகிறேன். ஒரு சொல் பிசகாது. ஒரே ஒரு நிபந்தனை, அதை நீங்கள் எழுத்தில் போட்டுத் தந்தால் நல்லது. கேக்குதா என்று வருகிற இடத்தில் அந்த அம்மா வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டு வருடமாக, காலையில் என் கணினியைத் திறந்தவுடன், அதற்குப் பதில் சொல்லிவருகிறவன் நான்.