தட்டினால் மெதுவாகப் பேசவும்

"ஹலோ... ஆங், யக்கா... ஆமா, ஆமா, கனிமொழிதான் பேசறேன். முன்னாடியே அடிச்சேன், லைன் கெடைக்கல... ஆஸ்பத்திரிலதான் கீறேன்... பிரசன்னா சார் பண்ணாரா? இன்னா சொன்னாரு?... மயக்கம்னா... ஆமாக்கா. மயக்கந்தான். சீட்லேர்ந்து உழுந்துட்டாரு... நீ பதறாம வா."

கனிமொழி சொன்னது பொய். அவளோடு ஆபீஸில் வேலை செய்யும் ஞானசேகரன் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயாயிற்று. அவசரப் பிரிவின் கோடியில், இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி மாட்டிய திரைக்கு அந்தப் பக்கம் அவர் கிடக்கிறார். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கனிமொழி. மேனேஜர் பிரசன்னா அரைகுறையாக ஒரு போனைச் செய்து மயக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் மனைவிக்கு உன்னைத்தானே பழக்கம், மீதியை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று அவள் தலையில் கட்டிவிட்டு, டீ வாங்கக் கீழே போனார். டீ இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

"எங்க வந்துகினு கீற?... நசரத்பேட்டையாண்டயா... பஸ்சு நிக்குதா?... ஆமா, ஆமா, அந்த எடம் எப்பவும் அப்டித்தான். பூந்தமல்லில எறங்கி ஆட்டோ புடிச்சிடு... கூட யாரு வராங்க?... தனியாவா? கம்பெனில யாரையாவது கூட்டிகினு வந்திருக்கலாம்ல... இல்லக்கா, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்... சத்தியமா ஒண்ணுமில்லக்கா!"

திரையின் இரும்புச் சட்டத்தில் டக் டக் என்று சத்தம். உள்ளே ஞானசேகரனின் கையிலிருந்த ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸ், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பேனாவால் தட்டினாள். கனிமொழியின் குரல் சட்டென்று பாதியாக இறங்கியது. இறங்கியதை அவளே கேட்டாள்.

"கேக்குதாக்கா?... இப்ப?... இங்க சத்தமா பேசக் கூடாதுன்றாங்க, அதான்... ஆங், சொல்லு... மாத்திரையா?"

ஞானசேகரனின் மனைவி நாகம்மாவுக்குத் திருமழிசையில் அட்டைப்பெட்டி கட்டும் வேலை. கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஒருநாள் ஆபீஸ் வாசல்வரை வந்து, பக்கத்து சீட்டு கனிமொழியைக் கூப்பிட்டு, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அட்டை ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் பையில் ஒன்று இருந்தாலும் உன் டிராயரிலும் ஒன்று இருக்கட்டும், மனுஷன் சொல்ல மாட்டார், மூஞ்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். அன்று முதல் தினமும் மதியம் நாகம்மாவின் போன் வரும். ஆபீஸில் யாரிடமும் பேசாத, தன் ஊரான மேனாம்பேட்டுத் தமிழைக் கனிமொழி அவளிடம் மட்டும் பேசுவாள்.

"ஆமாக்கா, என் டிராயர்லதான் கீது... கீதுக்கா, பத்திரமாதான்... குடு... குடுத்தேன்க்கா. ஒடனே குடுத்தேன்... ஆமா, நாக்குக்கு அடிலதான்."

அந்த அட்டை இப்போது அவள் வலது கையில் கசங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

"ஐயோ, அப்டிலாம் சொல்லாதக்கா... வேணாக்கா... நான் இன்னா பண்ணிட்டேன்?... சாமியா? யாரு, நானா?... யக்கா, நீ அழாத. நீ அழுதினா எனக்கு... இல்ல, இல்ல, அழல. சளிதான்... ஆங்?... எப்டிப் பாத்தேனா?... அதான்... பக்கத்துலதான கீறேன்... ஆமா, தடுப்பு போட்டுட்டாங்க. அண்ணன் சொன்னாரா... ஆமா, ஆளுக்கொரு பொட்டி மாரி. உக்காந்தா தல தெரியாது."

தடுப்பு போட்டது இந்த வருஷம்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் பற்றிய புகாரைப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆபீஸ் அது. ஒரே ஹாலில் வரிசையாக மேஜை, எல்லார் வாயும் ஒரே நேரத்தில் ஓடும். அதில் ஞானசேகரனுக்கு வெண்கலத் தொண்டை. திருச்சியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அவர் போன் இல்லாமலே பேசிவிடலாம் என்று கேலி செய்வார்கள். கனிமொழிக்கு அது கேலியாக இல்லை. எதிர்முனையில் சொல்வது காதில் விழாமல் இரண்டாம் தடவை கேட்டுக் கேட்டு, அவள் வேலைக்குப் போடும் மார்க் மாதாமாதம் குறைந்தது. தடுப்பு வேண்டும் என்று பிரசன்னாவிடம் முதலில் போய் நின்றவள் அவள்தான். கேட்டதில் தப்பே இல்லை. துணி ஒட்டிய பலகைகள் வந்து அலுமினியச் சட்டத்தில் ஏறியதும் ஹாலே கோயில் மாதிரி ஆகிவிட்டது. ஞானசேகரனுக்கும் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக உட்கார முடிகிறதென்றார். அப்படியும் குரல் தாண்டி வந்தால் சண்டை வேண்டாம், சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினால் போதும், அடுத்தவர் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரசன்னா சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். எல்லாரும் ஒழுங்காகக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் கைக்கும் காதுக்கும் பழகிவிட்டது.

"ஆமாக்கா, சத்தம்லாம் இப்ப இல்ல... ஆமா. நிம்மதிதான்... பொண்ணு ஸ்கூல்ல கீறாளா? சரி, ஜீவா இருக்கட்டும். கூப்டாத... இல்ல, அப்றமா கூப்டுக்கலாம்... டாக்டரு?... பாத்துட்டாரு... சொன்னாரு, சொன்னாரு... நீ வா, வந்து... இன்னாது?... யாரு காதுல?"

கனிமொழி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"போனையா... அவரு காதாண்டயா... யக்கா, அது... உள்ள உட மாட்டாங்கக்கா... இல்ல, பேச வேணாந்தான், நீ பேசினா போதுந்தான், தெரியுது... ஒரு வார்த்ததான். தெரியுதுக்கா... யக்கா, கேளு. நான் சொல்றத கொஞ்சம் கேளு... வெச்சாலும்..."

இந்த ஒன்றை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. இன்னும் நாலைந்து பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பாள். ஆனால் போர்த்திய துணியை விலக்கி, அந்தக் காதில் போனை வைத்துக்கொண்டு, நாகம்மா பேசி முடிக்கிறவரை நிற்க முடியாது.

"வெச்சாலும் அவருக்குக் கேக்காதுக்கா."

"..."

"யக்கா?... யக்கா, லைன்ல கீறியா?... ஆமா... ஆமாக்கா... வரும்போதே உயிரில்லனு சொல்லிட்டாங்க... ஐயோ யக்கா, பஸ்ல எதையாவது புடிச்சிக்க! பக்கத்துல யாருனா கீறாங்களா? அவங்ககிட்ட போனக் குடு... யக்கா, கத்தாத... கத்து, பரவால்ல, கத்து."

கனிமொழியும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆங்... சொல்லு... மாத்திர குடுத்தேன்னு சொன்னனா... சொன்னேன்... குடுத்தும் எப்டியா..."

அட்டையைப் பார்த்தாள். எல்லா மாத்திரைகளும் வரிசையாக அப்படியே இருந்தன.

"குடுக்கலக்கா."

"..."

"பொய் சொன்னேன். குடுக்கல. அண்ணன் உழுந்தப்பறந்தான் பாத்தேன். நாற்காலி உழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பாக்கறேன், அண்ணன் கீழ கீறாரு. அவரு பையில இருந்தது தீந்துபோயிருக்கு... இல்லக்கா, கூப்டல. அவரால கூப்ட முடியல போல... இல்லக்கா, கூப்டலதான், ஆனா..."

மூச்சை இழுத்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"தட்டினாருக்கா."

"..."

"ஆமா, தடுப்புல... என் பக்கம்தான். எங்க ஆபீஸ்ல தட்டினா, சத்தமா பேசற, கொறச்சிக்கனு அர்த்தம்... ஆமா, அப்டித்தான் ரூலு. நான் ஒரு கஸ்டமர்கிட்ட பேசிகினு இருந்தேன், சிரிச்சிகினு வேற இருந்தேன். தட்டினாரு. நான்... நான் கொரலக் கொறச்சிகினேன்க்கா... மறுபடியும் தட்டினாரு. மெதுவா. இன்னும் கேக்குது போலனு மேசைக்கு அடில குனிஞ்சி, வாயப் பொத்திகினு பேசினேன்... ஆமா... மனசுல திட்டினேன்கூட. ஊரையே எழுப்பற கொரலு, இப்ப நம்மள அடக்குதேனு... அப்றம் தட்றது நின்னுச்சி."

"..."

"சரி, இப்ப அவருக்குத் தொந்தரவு இல்லனு நெனச்சேன்."

எதிர்முனையில் பஸ் இரைச்சல் இருந்தது, கண்டக்டர் விசில் இருந்தது.

"யக்கா... திட்டுக்கா. எதுனா சொல்லு... எந்திரிச்சிப் பாத்திருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும். நீ சொன்னியே, மூஞ்சியப் பாத்தா தெரியும்னு. டிராயருக்கும் அவருக்கும் ஒரு கை தூரம்க்கா. ஒரு கை தூரம்! நான் கேட்டு வாங்கின தடுப்புக்கா அது! யக்கா... யக்கா, பேசுக்கா!"

டக். டக்.

திரையின் இரும்புச் சட்டம். அவர் கிடக்கிற பக்கத்திலிருந்து.

"அண்ணே!"

நாற்காலி பின்னால் சாய, கனிமொழி ஒரே எட்டில் போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டு ஒதுங்கின. உள்ளே நர்ஸ், ஒரு கையில் பேனாவும் உதட்டில் விரலுமாக நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஞானசேகரன் தலைவரை போர்த்திக் கிடந்தார்.

"அண்ணே... மாத்திர... இந்தாண்ணே..."

கை நீண்டது. பிறகு தானாகவே கீழே இறங்கியது. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கனிமொழி போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"யக்கா..."

லைன் போயிருந்தது.