பென்சில் படாத படம்

எல்சி: கதவத் தொறக்காதீங்க! ஃபிலிம் தொட்டியில இருக்கு. வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு.

லியோனார்ட்: தொறக்கல, தொறக்கல. தட்டினேன், அவ்ளோதான். ஸ்டூடியோல ஒர்த்தரும் இல்ல... ஓனர் எங்க?

எல்சி: மாதவரத்துல கல்யாணம். படம் எடுக்கப் போயிருக்கார். சாயங்காலம் வாங்க.

லியோனார்ட்: நீங்க யாரு?

எல்சி: நான்... இருட்டறை வேலை பாக்கறவ.

லியோனார்ட்: நேத்து ஒரு ரோல் குட்த்தேன். பேரு லியோனார்ட். ஹார்பர்ல சரக்கு எண்ற கிளார்க்கு.

எல்சி: தெரியும்.

லியோனார்ட்: எப்டி?

எல்சி: கவர்ல எழுதறீங்களே. டச்சப் வேணாம், ஓரம் வெட்ட வேணாம், கறுப்ப வெளுப்பாக்க வேணாம்... இத்தன வேணாம் எழுதற ஆளு ராயபுரத்துலயே ஒருத்தர்தான்.

லியோனார்ட்: கிண்டலா?

எல்சி: எனக்கு ஒண்ணுமில்ல. ஓனருக்குத்தான் கோவம். அப்ப நான் எதுக்கு டச்சப் பென்சில் சீவி வச்சிருக்கேன்னு கத்துவார்.

லியோனார்ட்: எண்ணூர்ல பவர் ஹவுஸ் கட்றாங்களே, அங்க சட்டி தூக்கற பொம்பள... மூஞ்சி பூரா சிமெண்ட்டு. அதத் தொடச்சிட்டா அந்தப் படத்துல இன்னா கீது?

எல்சி: அத நான்தான் பிரிண்ட் போட்டேன். அந்தம்மா உங்களப் பாக்கவே இல்ல. உங்க படத்துல யாருமே பாக்கறதில்ல. எப்டிங்க?

லியோனார்ட்: என் கேமராவ மேலேந்து குனிஞ்சு பாக்கணும். வயித்துகிட்ட வச்சிகினு நின்னா, ஏதோ பொட்டலம் பிரிக்கறான்னு நெனச்சிப்பாங்க. கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும். மறந்துடுவாங்க.

எல்சி: கேக்காம எடுக்கறது தப்பில்லையா?

லியோனார்ட்: ...மொதல் பிரிண்ட்டு அவங்களுக்குத்தான் குடுப்பேன். வேணாம்னா நெகடிவ வெட்டிடுவேன். கிரேன் மாரியப்பன் தூங்கறத எடுத்தேன். சூபர்வைசர் பாத்தா என் வேலை பூடும் நைனான்னான். அவன் எதுர்லயே வெட்டினேன். நல்ல படம்.

எல்சி: ஆமா. வாயில ஈ போறது கூடத் தெரியாம...

லியோனார்ட்: பாத்தீங்களா அத!

எல்சி: எல்லாத்தையும் மொதல்ல பாக்கறது நான்தானே.

லியோனார்ட்: இன்னும் எத்தினி நேரம் ஆவும்?

எல்சி: அஞ்சு நிமிஷம்.

லியோனார்ட்: சரி, ஸ்டூல்ல குந்திகினு கீறேன். ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட ஒரு பொண்ணு போட்டோ கீது. பின்னால உங்க ஸ்டூடியோ முத்திரை.

எல்சி: ...யார் பொண்ணு?

லியோனார்ட்: என் தோஸ்து ஒர்த்தனுக்குப் பாக்கறாங்க. வரன் பாத்துக் குடுக்கற தேவகிருபை அக்கா குடுத்துட்டுப் போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சி பொண்ணு பாக்கப் போறாங்க.

எல்சி: தோஸ்துக்கா?

லியோனார்ட்: ஆமா, தோஸ்துக்குத்தான்.

எல்சி: தோஸ்து என்ன சொல்றார்?

லியோனார்ட்: கண்ணு நல்லா கீதுன்றான். ஆனா எடது கன்னம் மாவு பூசினாமாறி கீதாம். மூக்கு நிழல் கன்னத்துல வந்து சட்டுனு நின்னுபோச்சு. எதையோ அழிச்சிருக்காங்க.

எல்சி: மாவா? லென்ஸ் வச்சிகினு, ஊசி மாதிரி சீவின பென்சில்ல புள்ளி புள்ளியா மூணு மணி நேரம் வச்ச வேலை கீது அதுல! மாவாம்!

லியோனார்ட்: ஆ... இப்பதான் ராயபுரம் பேசுது.

எல்சி: ...மன்னிச்சிக்கோங்க.

லியோனார்ட்: ஓனர் வேலையா அது?

எல்சி: ஓனர் வேலைதான்.

லியோனார்ட்: எதுக்கு அழிச்சார்?

எல்சி: ரெண்டு எடத்துல பழைய படத்தப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. காலேஜ் லேப்ல ஆசிட் தெறிச்சிடுச்சு. எடது கன்னத்துலேந்து காது வரைக்கும் தழும்பு. பாவம் அந்தப் பொண்ணு... பாவம்லாம் இல்ல. அவளுக்கு வலி எப்பவோ போயிடுச்சு. பாக்கறவங்களுக்குத்தான் இன்னும் வலிக்குது.

லியோனார்ட்: ஞாயித்துக்கிழமை நேர்ல பாப்பாங்களே. அப்ப?

எல்சி: மொதல்ல வீட்டுக்குள்ள வரட்டும், நாலு வார்த்தை பேசட்டும்னு... ஓனர் அப்டி நெனச்சிருப்பார்.

லியோனார்ட்: வந்துட்டுத் திரும்பிப் போனா இன்னும் பேஜாரில்ல?

எல்சி: அத நெனச்சா அந்தப் பொண்ணுக்குத் தூக்கமே வரதில்லையாம். உங்க தோஸ்துகிட்ட இப்பவே சொல்லிடுங்க. தெரிஞ்சிகிட்டு வரட்டும். வராட்டியும் பரவால்ல.

லியோனார்ட்: அவனுக்குத் தெரியும்.

எல்சி: எப்டித் தெரியும்?

லியோனார்ட்: அஞ்சு நிமிஷம் ஆவல?

எல்சி: இன்னும் அஞ்சு நிமிஷம்.

லியோனார்ட்: உள்ள கீறது என் ரோல்தானே?

எல்சி: உங்களதுதான்.

லியோனார்ட்: அதுல ஒண்ணு, போன வெள்ளிக்கிழமை காசிமேட்டுல எடுத்தது. மீன் விக்கற அங்கம்மா. கேமரா ஆடிட்ச்சு. எப்டி வந்துகீதோ.

எல்சி: ஏழாவது படம்தானே? ஆடல. அங்கம்மா வாயில வெத்தல, கையில வவ்வா மீனு. எதிர்ல நிக்கறவ சிரிக்கறா. கன்னம்...

லியோனார்ட்: கன்னம்?

எல்சி: அப்டியே இருக்கு.

லியோனார்ட்: சத்தியமா அவங்கள எடுக்க நிக்கல. ஒரு மணி நேரமா அங்கம்மாவத்தான் பாத்துகினு இருந்தேன். இவங்க வந்து, நேத்து குடுத்த மீனு நாறிட்ச்சுன்னு சண்டை. அங்கம்மா இன்னாவோ சொல்ல, சிரிச்சிட்டாங்க. கேமரா கண்ணாடில பாத்தப்பதான் புரிஞ்சுது... என் சட்டைப் பையில கீற போட்டோல கீற அதே பொண்ணுன்னு. வெரல் தானா அமுத்திட்ச்சு. கேக்காம எடுத்தேன். ஓனர் மாதவரம் போறார்னு தெரிஞ்சிதான் இன்னைக்கி வந்தேன்... கேக்க. நெகடிவ் அவங்களது. வெட்டட்டும், வச்சிக்கட்டும்.

எல்சி: அப்ப தோஸ்து...

லியோனார்ட்: தோஸ்தெல்லாம் இல்ல.

எல்சி: அது மொதல்லயே தெரியும். தேவகிருபை அக்கா மாப்பிள்ளை பேர சொல்லிட்டுத்தான் போச்சு.

லியோனார்ட்: எனக்கும் அக்கா சொல்லிச்சு, இருட்டறையில ஓனர் பொண்ணுதான் இருக்கும்னு. எங்கம்மா இன்னும் போட்டோ பாக்கல. ஏழாவதத்தான் காட்டணும்னு வச்சிகினு கீறேன். நீங்க சரின்னாதான்.

எல்சி: அந்தப் பென்சில் வேலை அப்பாவுது இல்ல. நான் பண்ணது. என் மூஞ்சிய நானே அழிச்சேன்.

லியோனார்ட்: உங்கப்பாவுதா இருந்தா மூக்கையும் சேத்து நேராக்கியிருப்பாரே.

எல்சி: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... என் மூக்குக்கு என்னவாம்?

லியோனார்ட்: ஒண்ணுமில்ல. கோணலா, நல்லா கீது. எல்சி... ஃபிலிம் இருட்டுல கீதுன்னு சொன்னீங்களே. இருட்டுல ஏழாவது படம் எப்டித் தெரிஞ்சுது? வாயில வெத்தல கூடத் தெரிஞ்சுதே.

எல்சி: நீங்க தட்றதுக்கு முன்னாலயே கழுவி முடிச்சாச்சு. விளக்கு எரியுது. ஏழாவதத்தான் பாத்துகிட்டு இருந்தேன். வெட்டல... கதவு தாழ் போடவே இல்லங்க. மெதுவா தள்ளுங்க. வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆவாது.