இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பாஸ்போர்ட்

ஓடுகிறோம். நானும் செசிலியும். செசிலி என் புருஷனின் தங்கை. குவைத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் வேலை. நான் சமையல். அவள் துணி துவைப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது.

ஆகஸ்ட் இரண்டு, 1990. வியாழக்கிழமை காலை. தலைக்கு மேலே ஹெலிகாப்டர். தடதடவென்று ஓயாத சத்தம். தெருக்கோடியில் ஈராக் டாங்கி. கடை ஷட்டரில் குண்டு படுகிறது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சத்தம். ரொட்டி வாங்க வந்தவர்கள் நாங்கள். ரொட்டி இன்னும் என் கையில் இருக்கிறது.

"குனிங்க அண்ணி! செவுத்த ஒட்டி வாங்க!"

வந்து சேர்ந்தோம். கேட் திறந்து கிடந்தது. கார் இல்லை. முதலாளி இல்லை, அவர் மனைவி இல்லை, ஐந்து பிள்ளைகளும் இல்லை. அவர் அறையில் இரும்புப் பெட்டி பூட்டியிருந்தது. தரையில் ஒரு தோல் பை, காலியாக. அவர்கள் குடும்பத்து பாஸ்போர்ட் ஏழும் அந்தப் பையில்தான், பெட்டிக்குள் இருக்கும். எங்களுடைய இரண்டும் அதே பெட்டியில், அதே தட்டில். அவர் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஏழை எடுத்திருக்கிறார். இரண்டை விட்டிருக்கிறார். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார். அதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

அவர் பிடுங்கி வைக்கவில்லை. நாங்களே கொடுத்தோம். கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் தெரு முழுக்கக் கூரை வீடு. கோடை வந்தால் ஏதாவது ஒன்று பற்றி எரியும். அதனால் பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் ஊர்க் கரும்புத் தோட்டக்காரர் மாடி வீட்டு பீரோவில் இருக்கும். வேண்டும்போது போய்க் கேட்டு வாங்குவோம். காகிதம் என்றால் பெரிய வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் புத்தி. முதலாளி கேட்டதும் செசிலி இரண்டு கையாலும் நீட்டினாள். "நம்ம கைல இருந்தா தொலைஞ்சிடும் அண்ணி, இங்கியே இருக்கட்டும்" என்றாள். நானும் சரி என்றேன்.

கடப்பாரை ஒன்று கிடைத்தது. மூன்று நாள் இடித்தோம். கை கொப்பளித்தது. பெட்டி அசையவில்லை. வெளியே ராணுவ லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லாரிச் சத்தம் கேட்டால் நிறுத்துவோம். போனதும் இடிப்போம்.

வீட்டில் இருந்த அரிசி தீர்ந்தது. பஸ் ஏறினோம். பாக்தாத் வழி. அங்கிருந்து ஜோர்டான் எல்லை.

எல்லையில் இரண்டு வரிசை. பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஒன்று. இல்லாதவர்கள் ஒன்று. எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள் அன்று மாலையே தாண்டினார்கள். நாங்கள் மணலில் உட்கார்ந்தோம். இந்த இரண்டு பேரும் எங்கள் ஆட்கள் என்று ஒரு அரசாங்கம் எழுதித் தர வேண்டும். அதுவரை நாங்கள் யாருடைய ஆளும் இல்லை. இந்தியத் தூதரகத்து ஆட்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியல் வரும் என்றார்கள்.

ஒன்பது நாள்.

தண்ணீர் லாரி ஒரு நாளைக்கு ஒரு முறை வரும். "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று எல்லா பாஷையிலும் கத்துவார்கள். ஐந்தாம் நாள் செசிலிக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரிக் கூடாரம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். வெள்ளைக் கூடாரம். ஆட்கள் உள்ளே போவதும் வருவதும் தெரிகிறது. காவல்காரன் காலில் விழுந்தேன். கையை நீட்டினான். பாஸ்போர்ட் கேட்டான். மூன்று நாள், நாளைக்கு நாலு தடவை போய் விழுந்தேன். அதே கை.

"வுட்டுட்டுப் போயிடாதீங்க அண்ணி" என்றாள். "எங்க போறது, போறதுக்குத்தான் காகிதம் இல்லியே" என்றேன். சிரித்தாள். எட்டாம் நாள் மத்தியானம் செத்துப்போனாள். மணலிலேயே புதைத்தோம்.

ஒன்பதாம் நாள் காலை காகிதம் வந்தது. ஒற்றைத் தாள். இரண்டு பெயர். கொண்டுவந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார். மேட்டைக் காட்டினேன். அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தார். பிறகு சொன்னார்: "பாஸ்போர்ட் மொதலாளி சொத்து இல்லம்மா. உங்க சொத்துகூட இல்ல. கவர்மெண்டு சொத்து. அவருகிட்ட ஏன் குடுத்தீங்க?"

"உங்க சொத்துதான? அவன்கிட்டருந்து நீங்க ஏன் கேட்டு வாங்கல?" என்றேன்.

தாளை என் கையில் வைத்தார். குனிந்து மணலை அள்ளினேன். எங்கள் ஊரில் வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றுவாள். வேதக்காரி அதைச் செய்யக்கூடாது என்பார் பாதர். செய்தேன். முதலாளி பேர் சொல்லி, அவன் அப்பன் பேர் சொல்லித் தூற்றினேன். பிறகு கம்பி வேலியைத் தாண்டினேன்.

ஊருக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் கடை. கரியாலூர் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் நாலு பேர். "எல்லாத்தயும் குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்கிறான் அவன். ஏற்கெனவே மூன்று பாஸ்போர்ட் மேசைமேல் இருக்கிறது. நாலாமவள் இரண்டு கையாலும் நீட்டுகிறாள்.

"குடுக்காதடி!"

உள்ளே போய் மேசைமேல் இருந்ததை வாரினேன். ஒவ்வொருத்தி கையிலும் வைத்து அழுத்தினேன். "இன்னாம்மா, பைத்தியமா நீ?" என்று போலீசைக் கூப்பிட்டான். எஸ்.ஐ. வந்தார். பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். அது அரசாங்கச் சொத்து என்று அச்சடித்திருக்கிறது. படித்தார். "எடுத்துக்கினு போங்கம்மா" என்றார் அந்தப் பெண்களிடம். அந்த ஏஜெண்ட் பிறகு மூன்று இடம் மாற்றினான். மூன்று இடத்துக்கும் தேடிப் போனேன். என்னைக் கண்டால் இப்போது ஷட்டரை இறக்குகிறான். இறக்கட்டும். நான் வெளியே நிற்பேன்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். செசிலி, இருபத்தாறு வயது. அவளைப் புதைத்த இடம். கொண்டுபோய் விட்டாலும் எனக்கு அடையாளம் தெரியாது. என் மாமியார், சாகிறவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பாஸ்போர்ட்.

முதலாளி வீட்டில் ஏழு பேர். ஏழு பேரும் சுகமாகத் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி. அவர் இழந்தது ஒன்றும் இல்லை. இதுவரைக்கும் இல்லை.